பறவை வேட்டைக்கும் வசதி உண்டு

அந்த விளம்பரம் அத்தையின் கைப்பேசிக்கு அவளுடைய கோயில் குழுவிலிருந்து வந்தது. அனுப்பியவருக்கு அது யாருடைய பண்ணை என்று தெரியாது. அடையாறு வீட்டின் பால்கனியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒவ்வொரு சொல்லாக உரக்கப் படித்தாள். "சகல வசதிகளும் கொண்ட மாட்டுப் பண்ணை விற்பனைக்கு. வற்றாத ஆழ்துளைக் கிணறுகள், தெளிப்புநீர்ப் பாசனம், கறவை இயந்திரம், பால் குளிரூட்டும் தொட்டி, ஜெனரேட்டர், வேலையாட்கள் தங்கும் அறைகள். பறவை வேட்டைக்கும் வசதி உண்டு." கடைசி வரியை மட்டும் மறுபடியும் படித்தாள். பிறகு கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். "இது நம்ம பண்ணைதானட்டி?"

நீலக் கூரை போட்ட மாட்டுக் கொட்டகை, அதன் முன்னால் மாமா நட்ட வேப்பமரம். நான் நேரில் போனதில்லை. ஆனால் அதே படம் மாமாவின் மேசைக் கண்ணாடிக்கு அடியிலும் இருந்தது. அவர்களுடைய பண்ணைதான்.

அத்தை என் அப்பாவின் அக்கா. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் பட்டுக்கடை வைத்த குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். சுத்த சைவம். முட்டை கலந்த கேக் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. கடையில் அவள் உட்காரும் நாட்களில் நெசவாளர்களும் தரகர்களும் கொஞ்சம் ஒடுங்கித்தான் நிற்பார்கள். சரிகையை நகத்தால் சுரண்டிப் பார்ப்பாள், இழையைப் பிரித்துத் தீயில் காட்டி முகர்வாள், அதன் பிறகும் நம்பமாட்டாள். வீட்டிலும் அப்படித்தான். பால்காரர், காவலாளி, குழாய் சரிசெய்ய வருபவர், பெற்ற மகன் என்று யாரும் அவள் பார்வையிலிருந்து தப்ப முடியாது. நான் தி.நகரில் வேலைக்குச் சேர்ந்து அவள் வீட்டில் தங்கியிருந்த அந்த வருடங்களில், அலுவலகத்திலிருந்து தாமதமாக வந்தால் முதலில் என் செருப்பைத்தான் பார்ப்பாள், அதில் கடற்கரை மணல் ஒட்டியிருக்கிறதா என்று.

கடையை மகனிடம் ஒப்படைத்த பிறகு மாமா மதுராந்தகம் தாண்டி அந்தப் பண்ணையை உருவாக்கினார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் விடிவதற்குள் கிளம்பிப்போய் மாலையில் திரும்புவார். அத்தை அங்கே போவதில்லை, சாணி வாடை அவளுக்கு ஆகாது. மாமா இறந்ததும், கடையையும் பண்ணையையும் சேர்த்துப் பார்க்க முடியாது, விற்றுவிடலாம் என்றார் அவர்கள் மகன், என் அத்தான். அவளும் அரைமனதாகச் சரி என்றாள். ஆனால் வேட்டை என்ற சொல்லை யாரும் அவளிடம் சொல்லவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டில் கேட்டாள். அத்தான் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "விடும்மா, புரோக்கர் ஏதாவது போட்டிருப்பாரு" என்றார். மறுநாள் சைதாப்பேட்டைத் தரகரை அழைத்தாள். "அது மிஸ்டேக்கும்மா. டைப் பண்ற பொண்ணு வேற பார்ட்டியோடத இதுல சேத்துட்ச்சு. இப்பவே எடுத்துடறேன்" என்றார் அவர். சொன்னபடி எடுத்தும்விட்டார். அதுதான் அத்தையின் சந்தேகத்தை முற்றவைத்தது. "தப்பு பண்ணாதவன் இம்புட்டு வெரசாத் திருத்தமாட்டான்" என்றாள். பண்ணையில் வேலைகளைக் கவனிக்கும் மேஸ்திரியைக் கேட்டபோது, மாடுகளுக்குத் தடுப்பூசி போட ஆள் வந்திருப்பதாகச் சொல்லி அவர் இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

"மூணு பேரும் ஒரே மாதிரி மழுப்புதானுவ. எவனெவனோ துப்பாக்கியத் தூக்கிட்டு வந்து போறான். இவனுவ கூட்டா இருந்து நடத்துதானுவ. எம்மவனும் இதுல இருக்கான்." மகனைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. பறவைகளைச் சுடுவது சட்டப்படி குற்றம் என்று நான் வேறு சொல்லிவைத்தேன். அவ்வளவுதான், அவளுக்குத் தூக்கம் போயிற்று. இரண்டு நாள் கழித்து, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என்னை நிறுத்தினாள். "தரகனுக்கு உன்னத் தெரியாது. மேஸ்திரியும் உன்னப் பாத்ததில்ல. வாங்க வந்தவ மாதிரி போய்ப் பாத்துட்டு வா."

கொட்டிவாக்கத்தில் வீடு, கணவருக்குக் கணினி வேலை, மாடு வளர்க்க ஆசை. இப்படி ஒரு கதையோடு தரகரின் காரில் ஏறினேன். அவர் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். "தண்ணி பிரச்சனையே கெடையாது மேடம். கரண்ட்டு போனா ஜெனரேட்டர் கீது. நீங்கோ சாவிய வாங்கிகினு பால் கறக்க வேண்டிதுதான்." நான் தலையாட்டிக்கொண்டே அவர் முகத்தைக் கண்ணாடியில் கவனித்தேன். அத்தையின் பார்வை எனக்கும் ஒட்டிக்கொண்டது போலிருந்தது. அவர் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார் என்று தோன்றியது, சும்மா இருந்தால் எதை மறைக்கிறார் என்று தோன்றியது.

பண்ணையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பசும்புல் வயலில் தெளிப்பான்கள் சுழன்றுகொண்டிருந்தன. மாடுகளுக்கு மின்விசிறி, காலுக்கு ரப்பர் விரிப்பு, புல் நறுக்கத் தனி இயந்திரம். இவ்வளவும் நன்றாக இருக்கிறதே, பிறகு ஏன் எல்லோரும் பதறுகிறார்கள் என்று அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. மேஸ்திரி ஒவ்வொரு மாட்டையும் பேர் சொல்லிக் காட்டிக்கொண்டு வந்தார். தரகருக்குத் தொலைபேசி வந்து அவர் வாசல் பக்கம் நகர்ந்ததும், வேட்டைக்கு வசதி என்று விளம்பரத்தில் பார்த்தேனே, அது எங்கே என்று கேட்டேன்.

மேஸ்திரி ஒரு கன்றின் கயிற்றை, அவிழாமல் இருந்ததையே, மறுபடி கட்டினார். "அதெல்லாம் இப்ப இல்லம்மா. ஐயாவோட போச்சி."

"எந்த ஐயா?"

"ஓனர் ஐயாதான். செத்துப்போனாரே, அவரு."

பாசனக் குட்டைக்கு என்னை அழைத்துப்போனார். கரையில் பனையோலையால் ஒரு மறைவு. உள்ளே ஒரு நாற்காலி, குட்டையைப் பார்த்த ஓட்டை. மேஸ்திரி தரையைப் பார்த்தபடி சொன்னார். "ஞாயித்துக்கெழம வந்தாருன்னா இங்கதான் உக்காருவாரு. கௌதாரி, காடை, நீர்க்கோழி. ஏர்கன்னுல குறி தப்பாது. இங்கயே சமைச்சி சாப்டுவோம். இந்த புரோக்கரும் வந்து சாப்ட்டுக்கீறாரு, அந்த ருசியில போட்டுட்டாரு போல. சின்ன ஐயாவுக்கு இது புடிக்காது, அப்பாகிட்ட சண்ட போட்டாரு. ஆனா அம்மா காதுக்கு மட்டும் போவக் கூடாதுன்னு எல்லாருமே பாத்துகினோம்."

திரும்பும் வழியில் தரகரிடம் நானே பேச்சை எடுத்தேன். அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். "மேடம், இத வெளிய சொல்லாதீங்கோ. எனக்கு சோறு போட்ட மனுசன். நான் வாய வெச்சிகினு சும்மா இல்லாம எழுதிட்டேன். அந்தம்மாவுக்குத் தெரிஞ்சா தாங்காது." வெளியாள் யாரும் வேட்டைக்கு வந்து போகவில்லை. மூவரும் சேர்ந்து செய்த கூட்டு, ஒரு பெண் தன் கணவரைப் பற்றி வைத்திருந்த எண்ணத்தைக் காப்பாற்றுவதுதான். அதை உடைக்கும் வேலை என் கைக்கு வந்துவிட்டது.

பொய் சொல்லிவிடலாம் என்றுதான் படியேறினேன். அத்தை கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்த உடனேயே, "எவன்?" என்றாள். நான் சொன்னேன். அவள் சோபாவில் உட்கார்ந்தாள். "ஞாயித்துக்கெழம தல ஈரமா வருவாக. மாட்டு வாடையோட வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு பம்ப்செட்டுல குளிச்சிட்டேன்னு சொல்லுவாக. எவ்வளவு சுத்தம் பாருன்னு நான் ஊரெல்லாம் பெரும பேசியிருக்கேன்."

அடுத்த சில வாரங்கள் மோசமானவை. அவள் சந்தேகப்படாத ஒரே ஆள் மாமாதான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இப்போது அவரை மொத்தமாகச் சந்தேகப்படத் தொடங்கினாள். அவருடைய பீரோவைத் திறந்து சட்டைகளை முகர்ந்து பார்த்தாள். காஞ்சிபுரம் போவதாகச் சொன்ன நாட்கள், திருச்செந்தூரில் தனியாகத் தங்கிய தடவை, கடைசியாக மருத்துவமனையில் எதையோ சொல்ல வந்து நிறுத்தியது, எல்லாவற்றையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். உயிரோடு இருப்பவர்கள்மீது சந்தேகப்பட்டால் சண்டையாவது போடலாம். அவளுக்கு அந்த வழியும் இல்லை. ஒரு நாள் அத்தான் அவள் காலடியில் உட்கார்ந்து, "அப்பா சாப்பாட்டுல மட்டுந்தாம்மா பொய் சொன்னாங்க" என்றார். "அது ஒனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.  பிறகு, மகன்மீது வைத்த சந்தேகத்துக்கு ஈடாகவோ என்னவோ, அவர் தலையில் கை வைத்தாள். அந்த வீட்டில் நான் அதற்குமுன் அப்படிப் பார்த்ததில்லை.

பிறகு தானாகவே பண்ணைக்குக் கிளம்பினாள். நானும் கூடப் போனேன். மேஸ்திரி என்னைப் பார்த்ததும், "நீங்களாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கு நான் தகுதியானவள்தான். அத்தை அவரை நேராகக் கேட்டாள். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லியேம்மா. பாலு எவ்ளோ, புண்ணாக்கு எவ்ளோன்னு கேப்பீங்க. ஐயா இன்னா பண்றாருன்னு ஒரு நாளும் கேட்டதில்ல."

அத்தை பனையோலை மறைவுக்குள் குனிந்து நுழைந்து, மாமாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். நாங்கள் வெளியே நின்றோம். தெளிப்பான்களின் சத்தம் நின்றதும் கொக்குகள் இறங்கின. நாணலிலிருந்து நீர்க்கோழி ஒன்று குஞ்சுகளோடு வெளியே வந்தது. அவள் அசையவில்லை. வெயில் ஏறிய பிறகு மேஸ்திரி மெதுவாகச் சொன்னார். "கடைசி ஒன்னு ரெண்டு வருசம் ஐயா சுடறதில்லம்மா. துப்பாக்கி பாட்டுக்கு ரூம்ல கெடந்துச்சி. சும்மா உக்காந்து பாத்துகினு இருப்பாரு."

அத்தை திரும்பி அவரைப் பார்த்தாள். சரிகையைப் பார்க்கும் பார்வை அது. ஆனால் ஒன்றும் கேட்கவில்லை.

காரில் தாம்பரம் நெருங்கும்போது அத்தை, "அவன் சொன்னது நெசமா இருக்குமாட்டி? இல்ல, எம் மூஞ்சியப் பாத்துட்டுச் சொன்னானா?" என்றாள். தரகரைக் கேட்டால் தெரிந்துவிடும் என்றேன். அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பண்ணை நல்ல கைக்குப் போய்விட்டது. மாடு வளர்க்கத் தெரிந்த ஒரு குடும்பம் வாங்கியது. போன மாதம் சைதாப்பேட்டை மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு அத்தையோடு ஆட்டோவுக்கு நின்றிருந்தபோது அந்தத் தரகரே எதிரே வந்தார். என்னைப் பார்த்து ஒரு கணம் திகைத்தார். அத்தையைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கையைக் கூப்பினார். "அம்மா, ஐயாவப் பத்தி உங்ககிட்ட ஒன்னு சொல்லணும்னு ரொம்ப நாளா நெனச்சிகினு கீறேன். கடைசியா நாங்க பண்ணைக்குப் போனப்போ..."

"நேரமாச்சு தம்பி, வீட்டுல அடுப்புல பால வச்சிட்டு வந்திருக்கேன்" என்றாள் அத்தை. வந்து நின்ற ஆட்டோவில் வாடகைகூடப் பேசாமல் ஏறினாள்.

வீட்டில் அடுப்பில் எதுவும் இல்லை.