இடப்பக்கப் பாரம்

சன்ஸ்கார் பள்ளத்தாக்கில் இருபது வருடமாகச் சுற்றுலாக் கூட்டங்களுக்குக் கோவேறு கழுதை ஓட்டிய தார்கியாஸ், அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கழுதையை அடித்தார். மதியச் சாப்பாட்டுக்கு நின்று கிளம்பியதிலிருந்து அது இடப்பக்கம் சாய்ந்தே நடந்தது.

"என்ன நொண்டி நாடகம் ஆடுற, மூதேவி!"

கணவாய் தாண்டும்வரை வசவும் அடியும் ஓயவில்லை.

முகாமில், கூட்டத்தோடு வந்த ஒரு பட்டணத்து ஆள் கழுதையின் இடப்பக்கப் பையிலிருந்து கல்லொன்றை எடுத்துப் பெருமையாக நீட்டினான். மதியம் நின்ற இடத்தில், புத்த மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய சுவரிலிருந்து உருவினானாம்.

"என்னண்ணே எழுதியிருக்கு?"

மந்திரத்துக்குக் கீழே யங்ஸோம் என்று பெயர் இருந்தது. செத்துப்போன மனைவிக்காகத் தார்கியாஸே செதுக்கச் சொல்லி வைத்த கல். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"கழுதைய அடிக்காதேன்னு போட்டிருக்கு."

"ஆகா, புத்தரோட கருணையே கருணை!" என்று அவன் நோட்டில் குறித்துக்கொண்டான்.