ரொட்டி வரிசையில் வடிவம்மாள்

வடிவம்மாள் கெய்ரோவுக்குப் போனது ஒரு குழந்தைக்காக. மலேசியாவின் மலையூரான தானா ராத்தாவில் அரசு அதிகாரியாக இருந்த துவான் ஹாஷிமுக்கு 1977இல் எகிப்திலுள்ள மலேசியத் தூதரகத்துக்கு மாற்றலானது. அவருடைய இரண்டு வயது மகள் சல்மாவைப் பிறந்தது முதல் வளர்த்தவள், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து வேலைக்கு வந்த வடிவம்மாள்தான். பிள்ளை அவள் இடுப்பை விட்டு இறங்காது. வடிவம்மாளுக்கோ கல்யாணமாகிப் பத்து வருடமாகியும் பிள்ளையில்லை.

"ஒரு வருசந்தானே லா, போயிட்டு வா புள்ள," என்றான் அவள் கணவன் காளிமுத்து. தோட்டத்துத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிறவன். சல்மாவைத் தூக்கி வைத்திருக்கும்போது அவள் முகம் எப்படியிருக்கும் என்பதை அவன் பார்த்திருந்தான்.

ஒரு வருடம் நான்கு வருடமானது.

கெய்ரோவில் வெளிவேலையெல்லாம் அவளுடையது. காலையில் ரொட்டிக்கடை. ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. சுடச்சுட வரும் தட்டை ரொட்டிகளை முந்தானையில் வாங்கிக்கொள்வாள். பிறகு தக்காளி, வெள்ளரி, கறிக்கடை. கேஸ்காரன் உருளையைத் தட்டிக்கொண்டு தெருவில் வந்தால் நாலு மாடி ஓடி இறங்க வேண்டும். அவசரத்துக்குப் பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கினால், கீழே மளிகைக்காரர் சாமானைப் போட்டுவிடுவார். முதலில் விரலைக் காட்டி வாங்கியவள், ஆறு மாதத்தில் அரபியில் பேரம் பேசினாள். வரிசையில் பக்கத்தில் நிற்கும் உம்மு ஹசன் என்ற பருத்த பெண்மணி அவள் சேலையைத் தடவிப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரிப்பாள். வடிவம்மாள் தமிழிலேயே பதில் சொல்வாள்: "இன்னிக்குக் கூட்டம் சாஸ்தி, பாத்தியாக்கா." பெரியவர்களிடம் தமிழில் பேச அவளுக்கு வேறு இடமில்லை.

ஊரிலிருந்து கடிதம் வரும். காளிமுத்துவுக்கு எழுதத் தெரியாது. தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி எழுதித் தருவார். 'இவ்விடம் யாவரும் நலம். உன் நலமறிய ஆவல்.' அந்த எழுத்துக்குள் அவனைத் தேடுவாள். கிராணிதான் அகப்படுவார்.

மூன்றாம் வருடம், கெய்ரோவில் படித்துக்கொண்டிருந்த மலேசிய மாணவர் ஒருவர், விடுமுறைக்குத் தங்கள் பகாங் மாநிலத்துக்குப் போய்த் திரும்பியபோது, காளிமுத்து கொடுத்தனுப்பிய ஒரு கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போட்டாள்.

முதலில் இருமல். "ஏ வடிவு, நாந்தான். நல்லாருக்கியா? கோழியெல்லாம் வித்துட்டேன். தனியா ஆக்கித் திங்கப் புடிக்கல." மறுபடியும் இருமல். "என்னா பேசறதுன்னு தெரியல லா. இது பாட்டுக்கு ஓடிக்கிட்டேயிருக்கு."

அப்புறம் அவன் பேசவில்லை. நிறுத்தவும் தெரியவில்லை. தகரக் கூரையில் மழை பெய்தது. டேப்பு முடியும்வரை மழைதான். நடுவில் ஒருமுறை அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

மறுநாள் ரொட்டி வரிசையில் நின்றபடியே அழுதாள். உம்மு ஹசன் அவள் தோளைப் பிடித்துத் தனக்கு முன்னால் நிறுத்திக்கொண்டாள்.

அன்றே வடிவம்மாள், 'புவான்' என்று தான் மரியாதையாக அழைக்கும் ஹாஷிமின் மனைவியிடம் கேட்டாள்: "புவான், நான் ஊருக்குப் போகணும்."

புவானுக்கு அப்போது ஏழு மாதம். "பிள்ளை பிறக்கும்வரை இரு, வடிவு," என்று மலாயில் கெஞ்சினாள். இருந்தாள். பிள்ளை பிறந்தது, அதற்கு நோய் வந்தது, இன்னுமொரு வருடம் ஓடியது.

புறப்படும் நாளன்று விமான நிலையத்தில், அவளிடமே தமிழ் கற்றிருந்த ஆறு வயது சல்மா கேட்டாள்: "வடிவும்மா, நாளைக்கு ரொட்டி வாங்க வந்துடுவீங்கதானே?"

தானா ராத்தா பஸ் நிலையத்தில் காளிமுத்து நின்றிருந்தான். தலை பாதி நரைத்திருந்தது. வரும் தேதி சரியாகத் தெரியாததால் நான்கு நாளாகத் தினமும் வந்து நின்றானாம்.

"இளைச்சிட்ட," என்றான்.

"நீங்க மட்டும் என்னாவாம்."

தோட்டத்து லோரியில் ஏறி உட்கார்ந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் அவன் கேட்டான்: "சல்மா அழுதுச்சா?"

"அழல. நான் திரும்பி வந்துருவேன்னு நெனச்சிக்கிட்டிருக்கு."

காளிமுத்து அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். லோரி அடுத்த வளைவில் திரும்பி ஏறியது.