மொரேனிகேயின் ஆபீஸ் வயது

நைஜீரியாவின் இபாடான் நகரத்தில் அரசாங்க வேலை பார்ப்பவர்களில் பலருக்கு இரண்டு வயது. ஒன்று தாய் பெற்றது, மற்றது ஆபீஸ் வயது. கல்வி அலுவலகத் தட்டச்சுக்காரி மொரேனிகே வேலைக்குச் சேரும்போது ஏழு வருடத்தை வெட்டி எறிந்தாள். வயது வரம்பு தாண்டியிருந்தது, வேறு வழியில்லை. அதைத் தப்பென்று யாரும் சொல்வதில்லை, மாட்டிக்கொண்டால்தான் தப்பு.

மழைக்காலத்தில் ஒருநாள் குளிக்கும்போது இடது மார்பில் கட்டி ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது. வலிக்கவில்லை என்று விட்டுவிட்டாள். பிறகு அலுவலகத்துக்கே இலவச மார்பகப் பரிசோதனை முகாம் வந்தபோது, முதல் ஆளாகப் போய் நின்றாள். பின்னாலேயே தலைமை எழுத்தர் அடிகுன் வேடிக்கை பார்க்க வந்து நின்றான். அடுத்தவர் வயதை மோப்பம் பிடிப்பதே அவனுக்குப் பொழுதுபோக்கு. அவனே பத்து வருடம் வெட்டியவன் என்பது ஊருக்கே தெரியும்.

"வயசு என்ன மேடம்?" என்றாள் நர்ஸ்.

நாற்பத்து மூன்று என்று வாய்வரை வந்தது. அடிகுன் தொண்டையைச் செருமினான்.

"முப்பத்தாறு."

"நாப்பது ஆனவங்களைத்தான் பார்க்கறோம். உங்க வயசுக்கு இதெல்லாம் வராது, பயப்படாதீங்க."

"குமரிப் பொண்ணுக்கு இந்த வரிசையில என்ன வேலை? போய் டைப் அடிங்க!" என்றான் அடிகுன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கட்டியைப் பற்றி அவன் எதிரில் வாய் திறக்கக் கூசியது.

கொடுமை அதுவல்ல. வீட்டுக்குப் போகும்போது அவளுக்கு மனம் லேசாகிவிட்டது. உங்க வயசுக்கு வராது என்று நர்ஸே சொல்லிவிட்டாளே! தன் பொய்யைத் தானே நம்பிய பைத்தியக்காரி. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

மறுவருடம் மார்பின் தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி குழிகுழியாகியிருந்ததைப் பார்த்துவிட்டு, தங்கை ஃபொலாஷாதே அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

"கட்டி சின்னதா இருக்கறப்பவே வந்திருந்தா, மார்பை எடுக்காம கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம்மா," என்றார் டாக்டர். "இப்ப எலும்பு வரைக்கும் பரவிடுச்சு."

"முகாமுக்குப் போனேன் டாக்டர். நாப்பது ஆகலைன்னு அனுப்பிட்டாங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அந்த வரம்பு வெளிநாட்டுப் பெண்களை வச்சுப் போட்டது. நம்ம பெண்களுக்கு முப்பதுகள்லயே நிறைய வருதுன்னு ஆராய்ச்சியில தெரிஞ்சிருக்கு. இந்த வருஷம் முப்பத்தஞ்சுன்னு குறைச்சுட்டோம்."

ஆக, அவளுடைய பொய் வயதுக்கும் அது வரும்.

அடுத்த மழைக்கு அவள் இல்லை. தெருவெங்கும் ஒட்டிய இரங்கல் சுவரொட்டியில் வயது முப்பத்தேழு. உண்மையைப் போட்டால் பிள்ளைகளுக்கு அலுவலகம் தரவேண்டிய பணம் நின்றுவிடும். நாற்பது வயதுத் தங்கைதான் அச்சகத்தில் நின்று அந்த எண்ணைச் சொன்னாள்.

துக்கத்துக்கு வந்த அடிகுன் சுவரொட்டியைப் பார்த்துவிட்டு, "அடப்பாவமே, சின்ன வயசு," என்றான்.

"ஆமா சார்," என்றாள் ஃபொலாஷாதே, பல்லைக் கடித்துக்கொண்டு. "என்னைவிடச் சின்னவ."