கரும்புக்காரருக்கு வரிவிலக்கு சொன்ன கதை

நான் ஆடிட்டர் இல்ல. வருமான வரிக் கணக்கு எழுதித் தாக்கல் பண்றவன், அவ்வளவுதான். கள்ளக்குறிச்சியில எல்லாரும் ஆடிட்டர்னு கூப்பிடுவாங்க. நானும் ஒரு நாளும் மறுத்துப் பேசினது இல்ல. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு.

ஒரு நாள் மலையடிவாரத்துல இருந்து வயசான விவசாயி ஒருத்தர் வந்தார். மூங்கில்துறைப்பட்டு மில்லுக்குக் கரும்பு போடுறவர். கல்வராயன் மலையில பிரசவ வலி கண்ட பொம்பளைங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டாற ஒரு ஜீப்பு ஓடணும், அதுக்குத் தன் நஞ்சை முழுசையும் டிரஸ்ட்டுக்கு எழுதி வக்கணும்னார். டிரஸ்ட்டுன்னு காதுல விழுந்ததுதான் தாமதம், நான் ஆரம்பிச்சுட்டேன். எந்தப் பிரிவுல பதிவு பண்ணலாம், எவ்வளவு வரி மிச்சமாகும்னு ஒரே பிரசங்கம். அவர் டீ ஆறி ஏடு கட்டிப்போச்சு. கடைசியில மெதுவாக் கேட்டார்.

"எனக்குக் கரும்பு வருமானம் மட்டும்தாங்க. அதுக்கு வரி உண்டுங்களா?"

விவசாய வருமானத்துக்கு ஏது வருமான வரி! அட கஷ்டகாலமே, இவ்வளவு நேரமும் மொட்டைத் தலைக்குச் சீப்பு வித்துக்கினு இருந்திருக்கேன்.

போன மானத்தைப் புடிக்க, மிரட்டிப் பாத்தேன். "யோசிச்சுக்கோங்க பெரியவரே. ஒரு தரம் எழுதிக் குடுத்துட்டா, நீங்களே அழுது பொரண்டாலும் நிலம் திரும்ப வராது."

"அப்பிடித்தாங்க எழுதணும். எம்மேல எனக்கே நம்பிக்க இல்லீங்க."

அப்புறம்தான் சொன்னார். அவர்கிட்ட கரும்பு வெட்டுற மலைக்காரர் ஒருத்தர் ராத்திரியில ஓடி வந்து, பொண்டாட்டிக்கு வலி, டிராக்டர் வேணும்னு கேட்டிருக்கார். மில்லுக்கு லோடு ஏத்தி வண்டி நின்னுச்சாம். "லோடு எறக்கிட்டு வரேன், விடியட்டும்னுட்டேங்க. டிரெய்லரைக் கழட்டிவுட்டுப் போயிருக்கலாம். போகல." விடியறதுக்குள்ள தாயும் புள்ளையும் போயிட்டாங்க.

"அந்தப் புருஷன்தான் டிரஸ்டியா இருக்கணும். நானும் வேணாம், எம்பசங்களும் வேணாம்."

"அவர் ஒத்துக்கினாரா?"

"இன்னும் கேக்கலீங்க. அவன் மூஞ்சியில முழிக்கத் தைரியமில்ல. நீங்க வந்து கேளுங்க."

பேசிப் பொழைக்கிறவன்னு நம்பிக் கூப்பிட்டார் பாவம். மலைக்குப் போனோம். அந்தப் புருஷன் வூட்டு வாசல்ல போய் நின்னோம். பெரியவர் என் முதுகுக்குப் பின்னால நின்னுக்கினு இருந்தார். பயத்துல நான் மறுபடியும் பதிவு, பிரிவுன்னு உளறி, எப்படியோ ஜீப்பு விஷயத்தையும், அவர்தான் டிரஸ்டியா இருக்கணும்ங்கறதையும் சொல்லி முடிச்சேன். அந்த ஆள் என்னைப் பாக்கவே இல்ல. எனக்குப் பின்னாடியே பாத்துக்கினு இருந்தார்.

"ராத்திரியில கூப்பிட்டாலும் வண்டி வருமாங்க?"

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள பெரியவர் முன்னால வந்தார். "வரும்பா"ன்னார்.