வால் முளைத்த வளையங்கள்

அந்தப் பேராசிரியர் செய்தது அநியாயம். அவரிடம் ஆராய்ச்சி செய்யும் பெண்ணை, நான் தாம்பரத்தில் ஏறும் காலை ரயிலில் பார்ப்பேன். நான் மறைமலை நகரில் கார் பாகங்களுக்குப் பெயின்ட் அடிப்பவன். அந்தப் பெண்ணுக்குப் பெரிய கண்ணாடி, கலைந்த முடி, பாதித் தூக்கத்தில் மிதக்கும் கண்கள். மடியிலிருக்கும் பையின் மேல் விரலால் வளையங்கள் வரைந்து, அவற்றுக்கு வால் இழுப்பார். ஊரப்பாக்கம் தாண்டி வெயில் உள்ளே விழும்போது, அந்த விரல் வெளிச்சத்தில் நீந்தும்.

“இன்னாம்மா, தலைப்பிரட்டையா?” என்று ஒருநாள் கேட்டேன்.

சிரித்தார். “மூலக்கூறு, அண்ணா. இதைக் கரைச்சு மை மாதிரி பிளாஸ்டிக் தாள்ல மெலிசா பூசினா, வெயில்ல கரன்ட் வரும். வால் இருந்தாத்தான் கரையும்.”

“எதுல கரைப்பீங்க? தின்னர்லயா?”

“அதைவிட மோசமானதுல. மூச்சுல போனா ஆகாது. நான் வாலை மாத்தி, அவ்வளவு கெடுதல் இல்லாத திரவத்துல கரைய வச்சேன். கரன்ட் கொஞ்சம் குறையுது. சார் வேணாம்னுட்டார்.”

“பூசுறவன் மூச்சு வுட வேணாமா?”

“கேட்டேன். அது கம்பெனிக்காரன் பாடுன்னார்.”

சொல்லிவிட்டு மறுபடி வரையத் தொடங்கினார்.

பெயின்ட் புகையில் நின்று நெஞ்சு கெட்டவன் நான். முன்பின் தெரியாதவனின் மூச்சுக்காக ஒருவர் ரயிலில் வால் வரைந்தது இன்னும் கனவு போலவே இருக்கிறது.

பேராசிரியரே, அடுத்த கருத்தரங்கில் மேடையேறி, அந்த மூலக்கூறை ஏன் ஒதுக்கினீர்கள் என்று எல்லார் முன்னாலும் சொல்லுங்கள்.