தட்டானுக்குப் போட்ட கல்

எங்கள் சித்தப்பாவின் மந்திரத்துக்குத் தட்டான்பூச்சிகள் கட்டுப்படும் என்று எட்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். நம்பாமல் என்ன செய்வது? மழை விட்ட நாட்களில் தெருவுக்கு மேலே தட்டான்கள் கூட்டமாகச் சுற்றும். சித்தப்பா வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துவிட்டு ஒரு கல்லை மேலே எறிவார். உடனே ஒரு தட்டான் விருட்டென்று அதன்மேல் பாயும். கல்லோடு கொஞ்ச தூரம் கீழே இறங்கிவிட்டு, ஏமாந்து திரும்பிப் போகும். மந்திரத்தைக் கேட்டு நச்சரித்தால், "ஒரு வாரம் அழாம தலை வாரிக்கோமா, சொல்றேன்" என்பார். வாரிக்கொண்டேன். அவரும் அம்மாவும் கூட்டுச் சதி செய்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு முழுவதும் தறிக்காரர்கள். புடைவையின் நீளவாட்டு இழைகளைப் பாவு என்பார்கள். அதைத் தறியில் ஏற்றும் முன் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சரிபார்ப்பார்கள். மாப்பிள்ளை தேடுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் ஜாதகத்துக்கு அடுத்தபடியாகப் பார்ப்பது, பையனின் கை பாவில் எப்படி ஓடுகிறது என்பதைத்தான். எதிர்வீட்டுக்காரர் தம் மகளைச் சித்தப்பாவுக்குக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அந்த அக்காவுக்கும் சித்தப்பாவுக்கும் யோசிக்க எதுவும் இல்லை என்பது தெருவுக்கே தெரியும். எங்கள் பாவு தெருவுக்கு வந்த அன்று, எதிர்வீட்டுக்காரரும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாக வந்து நின்றார்.

சித்தப்பா அன்று என் பக்கம் திரும்பவே இல்லை. குனிந்த தலை நிமிராமல் இழை பிரித்துக்கொண்டிருந்தார். மேலே தட்டான்கள். காற்றில் பாவு முழுவதும் அசைந்தது. அதனூடே பறக்கும் கொசுவைக்கூட அவை தப்பவிடவில்லை. மந்திரம் எதற்கு, கல் பெரிதாக இருந்தால் நன்றாகத் தெரியுமே என்று எனக்கு ஒரு யோசனை. எலுமிச்சை அளவுக் கல்லை எறிந்தேன். ஒன்றும் சீண்டவில்லை. உள்ளங்கை அகலத்தில் ஓட்டுச்சில்லு ஒன்று கிடந்தது. அதை எடுத்து முழுப் பலத்தோடு வீசினேன். தட்டான்கள் விலகி வழிவிட்டன. சில்லு நேராகப் பாவில் போய் விழுந்து, விறைப்பாக இருந்த பட்டு இழைகளைப் படபடவென்று அறுத்தது.

எல்லோரும் இழைமேலேயே கண்ணாக இருந்ததால் எறிந்தது யாரென்று தெரியவில்லை. அப்பா மூங்கில் கோலோடு நிமிர்ந்து, "எவன்டா அது?" என்று கத்தினார். என் கையெல்லாம் செம்மண். சித்தப்பா என்னை ஒருமுறை பார்த்தார்.

"நான்தான்ணா. தட்டானுக்குப் போட்டேன்."

அவருடைய தட்டான் வித்தை ஊரறிந்தது. எல்லோரும் நம்பிவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் அப்பாவிடம் வந்து மெதுவாகத்தான் கேட்டார்: "பாவு கட்டிக்கினு இருக்கறப்போ தட்டானுக்குக் கல்லு உடறவன் கையில பொண்ண எப்படிப்பா குடுக்கறது?" கேட்டுவிட்டுத் தம் வீட்டுக்குள் போய்விட்டார். நானோ அடி தப்பிய சந்தோஷத்தில் இருந்தேன்.

அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்த சித்தப்பா, நான் கேட்காமலே ரகசியத்தைச் சொன்னார். "மந்திரமும் இல்ல, ஒண்ணும் இல்லமா. சின்னதா போடணும், கொசுவாட்டம். பெருச அது சட்டை பண்ணாது."

பின்னாளில் விலங்கியல் ஆசிரியையான பிறகு காரணத்தைப் படித்தேன். தட்டானின் பார்வைக்கான நரம்புகளில் சில, சின்னதாக ஏதாவது நகர்ந்தால்தான் கிளர்ச்சி அடையும். நகர்வது பெரிதாகிவிட்டால் அவை அடங்கிவிடும். பின்னால் எல்லாமே ஆடினாலும் அந்தச் சின்னப் புள்ளியை மட்டும் பிரித்து அறியும். நான் பெரிய கல்லாகத் தேடத் தேட, அந்த நரம்புகளுக்குத் தெரியாதபடி இரையை மறைத்துக்கொண்டே போயிருக்கிறேன்.

அப்போதோ, சித்தப்பா சொன்னபடி மிளகளவுக் கல்லை வைத்து ஒரு வாரம் பழகினேன். ஆரணியிலிருந்து எதிர்வீட்டுக்குத் தாம்பூலத் தட்டுகளோடு ஆட்கள் வந்திறங்கிய மாலையில், ஒரு தட்டான் என் கல்லைத் துரத்திக்கொண்டு என் தலைக்குப் பக்கம் வரை இறங்கியது. "சித்தப்பா, ஓடியா, வந்து பாரு!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினேன். தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். தறி ஓடவில்லை. எத்தனை முறை கூப்பிட்டும் வாசலுக்கு வரவில்லை.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவர்தான் கமர்கட் வாங்கிவந்து என்னைச் சமாதானப்படுத்தினார்.