நூற்றாண்டு விழாவும் ஒன்பதாம் நம்பர் ஜேர்சியும்

பதினெட்டு வருடம் மற்றவர்களின் அழுக்கைத் துவைத்துக் குடும்பம் நடத்தியவர் குகநேசன். வியர்வை, சேறு, இரத்தம், சில நாட்களில் சொல்லக்கூடாதவையும். புலம்பெயர்ந்து வந்த குளிர்நாட்டில், சில்க்போர்க்கிலிருந்து பேருந்தில் அரை மணித்தியாலம் போனால் வருகிற ஒரு சிறு நகரம். அதற்கொரு உதைபந்தாட்டக் கழகம். சம்பளத்துக்கு விளையாடும் இருபத்தைந்து பேரின் உடுப்பும் அவருடைய இரண்டு இயந்திரங்களுக்குள்தான் போய் வந்தன. அவர் ஒரு நாளும் மூக்கைச் சுழித்ததில்லை. அருவருப்பு என்றால் என்னவென்று அவர் அறிந்தது 2009இல்தான். அதை அறியத்தந்தவர்களோ நன்றாகக் குளித்து வாசனை பூசிக்கொண்டு வந்தவர்கள்.

அந்த வருடம் கழகத்துக்கு நூறு வயது. நூறு வருடத்தில் உருப்படியாக நடந்தது ஒன்றே ஒன்றுதான்: 1978இல் முதலாம் பிரிவுக்கு ஏறியது. அடுத்த வருடமே விழுந்துவிட்டார்கள், அது வேறு கதை. அந்த ஒரு வருடத்தை வைத்துக்கொண்டு மூன்று தலைமுறையாக பியர் குடிக்கிறார்கள். விழாக்குழுத் தலைவர் ஹென்னிங், ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். கழகத்தின் வரலாற்றை ஒரு சுவர் முழுக்க வைக்கப்போவதாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். படங்கள் கிடைத்தன, கிண்ணம் கிடைத்தது, பயிற்றுநரின் விசில்கூடக் கிடைத்தது. எழுபத்தெட்டாம் ஆண்டு ஜேர்சி மட்டும் ஒன்றுகூட இல்லை.

எப்படி இருக்கும்? 2005 தை மாதம் கழகத்தின் மேல்மாடியைத் துப்புரவாக்கச் சொன்னதும், "இதெல்லாம் குப்பை, குகா, வெளியில் எறி" என்று மூட்டையைக் காலால் தள்ளியதும் இதே ஹென்னிங்தான். நல்ல துணியை எறியக் குகநேசனுக்கு மனம் வரவில்லை. இலங்கையில் கடல்கோள் வந்து மூன்று கிழமை. தமிழ்ச்சனம் நிவாரணக் கொள்கலன் நிரப்பிக்கொண்டிருந்தது. அவர் அந்த ஜேர்சிகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, கிழிந்ததைத் தைத்து அனுப்பினார். ஒன்பதாம் நம்பரை மட்டும் தங்கை விமலராணியின் பெயருக்குத் தனிப் பொதியில் போட்டார். மட்டக்களப்பிலிருந்து முல்லைத்தீவுக்குக் கலியாணம் கட்டிப் போனவள் அவள். புருசனைக் கடல் கொண்டுபோயிருந்தது. நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்ட, நீளக் கை வைத்த தடித்த ஜேர்சி. முழங்கையில் கிழிசல். நீல நூல் முடிந்துபோனதால் பச்சை நூலால் இழையோட்டித் தைத்தார்.

நாலு வருடம் கழிந்து, அந்த வைகாசியில் சண்டை முடிந்தது என்றார்கள். சித்திரையிலிருந்தே விமலராணியிடமிருந்து ஒரு சொல் இல்லை. குகநேசன் போகாத அலுவலகம் இல்லை, எழுதாத விண்ணப்பம் இல்லை. எல்லா இடத்திலும் மரியாதையாகக் கோப்பி கொடுத்தார்கள், படிவம் கொடுத்தார்கள். மனைவி சுபாஜினி முதியோர் இல்லத்து வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கணினிக்கு முன்னால் குந்தியிருந்து, ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு முகமாகத் தேடினாள்.

"இஞ்சேருங்கோ, ஓடி வாங்கோ."

முட்கம்பிக்குப் பின்னால் தண்ணீருக்கு நிற்கிற பெண்களின் படம். ஒருத்தி ஆம்பிளைச் சட்டை போட்டிருந்தாள். முகம் பாதிதான் தெரிந்தது, எலும்பாகியிருந்தது. குகநேசன் முகத்தைப் பார்க்கவில்லை. முழங்கையைப் பார்த்தார்.

"அது என்ர தையல்," என்றார்.

உயிரோடு இருக்கிறாள். ஆனால் எந்த முகாம், எந்த வலயம்? இனி வேண்டியது ஒரு கடிதம் என்று அவருக்குப் பட்டது. நம்முடைய ஆட்களுக்கு இது ஒரு பழைய வியாதி. கடிதத்தலைப்பும் கையெழுத்தும் றப்பர் முத்திரையும் இருந்தால் எந்தக் கதவும் திறக்கும் என்று நினைப்போம். எத்தனை தரம் மூக்குடைபட்டாலும் அந்த நம்பிக்கை போகாது. அடுத்த நாள் காலை படத்தை அச்சடித்துக்கொண்டு ஹென்னிங்கிடம் போனார்.

"இது என் தங்கை. முகாமில் இருக்கிறாள். கழகம் ஒரு கடிதம் தந்தால்..."

ஹென்னிங் கண்ணாடியை மாட்டினார். அவர் முகம் பூரித்தது. குகநேசனுக்கு நெஞ்சு குளிர்ந்தது, ஒரு விநாடி மட்டும்.

"கடவுளே, குகா! இது எழுபத்தெட்டு! இந்தக் கழுத்துப் பட்டியைப் பார்!"

இரண்டு மாதமாக நாயாய் அலைந்தும் கிடைக்காத கடிதம் இரண்டு மணித்தியாலத்தில் தயாராகிவிட்டது. கழகத்துக்கு விளம்பரப் பணம் தரும் ஒருவரின் உறவினர் ஏதோ நிவாரண அமைப்பில் இருக்கிறாராம். அவர் மூலம் நேரே செட்டிக்குளத்து முகாம்களுக்குள் போகுமாம். குகநேசன் வாசித்தார். ஜேர்சிக்கு ஆறு வரி: கோட்டின் அகலம், கழுத்துப் பட்டி, முதுகில் ஒன்பது, வரலாற்றுப் பெறுமதி. தங்கைக்கு மூன்று சொல்: அதை அணிந்துள்ள பெண். பெயர் இல்லை. கேட்டதும், "ஓ, நிச்சயமாக," என்று ஹென்னிங் ஓரத்தில் பேனாவால் எழுதினார். அதிலும் ஒரு எழுத்தை விட்டுவிட்டார்.

குகநேசனுக்கு அருவருத்தது. அந்தக் கடிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்து அந்த மனிசனின் முகத்திலேயே எறிந்திருக்கவேண்டும். எறிந்தாரா? இல்லை. "முத்திரை?" என்று கேட்டார்.

"முத்திரையா? இந்தக் காலத்தில் யார் குத்துகிறார்கள்?" ஹென்னிங் சிரித்தார். குகநேசன் விடவில்லை. அலுமாரியைக் கிளறி ஒரு பழைய முத்திரையைத் தேடிப் பிடித்து, மையைத் தொட்டுத் தானே குத்தினார். நன்றாக, அழுத்திக் குத்தினார்.

பதில் ஆடி மாதம் வந்தது. படத்தையும் கடிதத்தையும் காட்டி விசாரித்தார்களாம். அந்தப் பெயரில் ஒருவரும் இல்லை. படத்தில் இருப்பவரையும் ஒருவருக்கும் தெரியாது. ஜேர்சியும் கிடைக்கவில்லை.

"பெரிய ஏமாற்றம்," என்றார் ஹென்னிங். "சுவரில் அதற்கு நடுவில் இடம் விட்டிருந்தோம்."

அன்று சுபாஜினி நெடுநேரம் குசினிக்குள் நின்றுவிட்டு வந்து, மெல்லக் கேட்டாள். "ராணியின்ர படத்தைச் சாமித்தட்டில வைக்கட்டோ?"

"வைச்சால் கையை முறிப்பன்," என்றார் குகநேசன். இருபது வருடத்தில் அவளிடம் அவர் அப்படிக் கதைத்தது அதுதான் முதல் தடவை.

ஆவணியில் விழா. நாலாயிரம் பேர், சொசேச் சுடும் புகை, பியர், பித்தளை வாத்தியம். மேடையில் பெரிய திரையைக் கட்டி, நூறு வருடத்தையும் ஒவ்வொரு படமாக ஓட்டினார்கள். எழுபத்தெட்டு வந்தது. திரை முழுக்க அந்த நீல வெள்ளைக் கோடு. கழுத்திலிருந்து இடுப்புவரை மட்டும். முகத்தை வெட்டியிருந்தார்கள். முட்கம்பியையும் வெட்டியிருந்தார்கள். கையில் பிடித்திருந்த வாளியின் விளிம்பு மட்டும் கீழே கொஞ்சம் மிஞ்சியிருந்தது. "உலகத்தின் மறுகோடியில், நமது கழகம்!" என்று ஹென்னிங் கத்தினார். சனம் எழும்பி நின்று கை தட்டியது. சிலர் கண்ணைத் துடைத்தார்கள். தலை வெட்டிய ஒரு பெண்ணைப் பார்த்து, வாயில் சொசேச்சோடு, கண்ணைத் துடைத்தார்கள்.

பிறகு குகநேசனை மேடைக்குக் கூப்பிட்டார்கள். பூங்கொத்துக் கொடுத்தார்கள். கையை ஆட்டச் சொன்னார்கள்.

அவர் ஆட்டினார். சனத்தின் மேல் வந்த அருவருப்பெல்லாம் அந்த இடத்தில் அவர் மேலேயே திரும்பியது. மேடைக்குப் பின்னால் போய்ச் சத்தி எடுத்தார். அதையும் அவரே கழுவினார், பழக்கதோசம்.

ஐப்பசியில் ஒரு நாள் காலை, முதல் மூட்டையை அவிழ்க்கும்போது கைத்தொலைபேசி அடித்தது. இலங்கை நம்பர்.

"அண்ணை... நான் ராணி கதைக்கிறன்."

குகநேசன் அழுக்குத் துணிகளின் மேலேயே இருந்து அழுதார். அவள் மட்டக்களப்புக்கு வந்துவிட்டாளாம், நேற்றுத்தான் விட்டார்களாம். செட்டிக்குளத்து முகாமில் இருந்தாளாம்.

"செட்டிக்குளமோ? அங்க ஆள் விட்டுத் தேடினதே! அப்பிடி ஒருத்தரும் இல்லையெண்டு சொன்னவங்கள்!"

"நான்தான் இல்லையெண்டு சொன்னனான், அண்ணை. ஆனி மாசம் ரண்டு பேர் என்ர படத்தைக் கொண்டு வந்தவை. ஏதோ வெளிநாட்டுக் கடிதம், பெரிய முத்திரை. இந்தச் சட்டை போட்டது ஆர், இந்தச் சட்டை எங்கையெண்டு கேட்டுத் திரிஞ்சவை. அந்த நேரம் ஆமிக்காரர் படம் காட்டிக் கூட்டிக்கொண்டு போன ஆக்கள் ஒருத்தரும் திரும்பி வரேல்ல. சட்டையை அடுப்புக்குள்ள வைச்சிட்டன். பிறகு முகாமில பதிவெடுக்க வரேக்க பேரையும் மாத்திக் குடுத்திட்டன். அதாலதான் ஒருத்தரையும் தேடேலாமல், ஒருத்தருக்கும் கோல் எடுக்கேலாமல், இவ்வளவு நாளும் அனாதையாக் கிடந்தனான்."

கதவடியில் நிழல் தட்டியது. ஹென்னிங். அழுகைச் சத்தம் கேட்டு வந்திருந்தார்.

"யார், குகா?"

"தங்கை. உயிரோடு இருக்கிறாள்."

"அற்புதம்!" ஹென்னிங் உள்ளே வந்துவிட்டார். "ஜேர்சி? இன்னும் வைத்திருக்கிறாளா?"

"எரித்துவிட்டாள்."

ஹென்னிங் இயந்திரத்தின் மேல் கையை ஊன்றினார். கண்களிலிருந்து உண்மையான கண்ணீர், மாலை மாலையாக வடிந்தது. இத்தனை வருடத்தில் அந்த மனிசன் அழுததைக் குகநேசன் அன்றுதான் கண்டார். அந்தக் கன்னத்தைப் பொத்தி ஒன்று விடக் கை உன்னியது.

"அண்ணை, பக்கத்தில ஆர்?" தொலைபேசியில் விமலராணியின் குரல் தாழ்ந்தது. "அந்தக் கடிதத்தை ஆர் அனுப்பினது எண்டு உங்களுக்கு ஏதும் தெரியுமோ? கண்டால் கேக்கோணும், நான் அவைக்கு என்ன செய்தனானெண்டு."

ஹென்னிங் மூக்கைச் சிந்தினார்.

"தெரியாது, ராணி," என்றார் குகநேசன்.